குழந்தைகளுக்கான அமைதி மூலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழுகையிலோ ஆத்திரத்திலோ சிக்கிக்கொண்ட சிறு குழந்தை மெல்ல ஆறித் தேறுவதற்கென்று வீட்டிலோ அங்கன்வாடியிலோ ஓர் இடத்தை ஒதுக்கி வைப்பது நல்ல ஏற்பாடு. ஒரு கோரைப்பாயை விரித்து இரண்டு தலையணைகளைப் போடுமளவு இடம் இருந்தால் போதும் என்பதால், வேலூர் சைதாப்பேட்டைச் சந்தில் ஒற்றை அறையில் குடியிருப்பவர்களும் இதைச் செய்யலாம். செலவும் இல்லை. ஆனாலும் பல வீடுகளில் இந்த மூலை ஒரு மாதத்திற்குள் துணி மூட்டை வைக்கும் இடமாகிவிடுகிறது. இல்லாவிட்டால் குழந்தை பார்த்தாலே அலறும் இடமாகிவிடுகிறது. இரண்டுக்கும் காரணம் பெரியவர்கள்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அந்த இடத்தைத் தண்டனைக்குப் பயன்படுத்துவது. “அடம்பிடிச்சா மூலையில போய் உக்காரு” என்று ஒரே ஒருமுறை மிரட்டிவிட்டால்கூட, அதுவரை அங்கே பழக்கிய பழக்கமெல்லாம் வீணாகிவிடும். உணர்ச்சியை அடக்கி நிதானிக்க உதவும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சியடைய இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகின்றன. அப்படியிருக்க, மூன்று வயதுக் குழந்தையைத் தனியே அனுப்பிவிட்டு, அமைதியாகித் திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. அந்த வயதில் குழந்தை தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்வதைவிட, பக்கத்தில் இருக்கும் பெரியவரின் அமைதியைப் பார்த்துத்தான் அடங்குகிறது. இரண்டு வயதுக்கும் குறைந்தவர்களுக்கு மூலையே வேண்டாம், மடி போதும்.

அங்கன்வாடியில் ஒரு குழந்தை வைத்திருந்த பொம்மை வண்டியை இன்னொன்று பிடுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அழும் குழந்தையுடன் டீச்சரும் பாயில் உட்கார்ந்து, அதன் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து, “வண்டியப் புடுங்கிட்டான்னு கோவம் வந்துடுச்சா கண்ணு?” என்று ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பதே சரியான முறை. யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்ற பஞ்சாயத்தை அழுகை அடங்கியபின் வைத்துக்கொள்ளலாம். விம்மிக்கொண்டிருக்கும் குழந்தையின் காதில் புத்திமதி ஏறாது.

அழுகை உச்சத்தில் இருக்கும்போதுதான் முதன்முதலாக அந்த இடத்தை அறிமுகப்படுத்துவது அடுத்த தவறு. குழந்தை சிரித்து விளையாடும் நேரத்திலேயே அங்கே கதை சொல்லியும், பனையோலைக் காற்றாடியை மெதுவாக ஊதிச் சுழலவிட்டும் பழக்க வேண்டும். மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத்துடிப்பு சற்றே தணியும் என்பதால் காற்றாடி வெறும் விளையாட்டுப் பொருளாக மட்டும் இருப்பதில்லை. ஆனால் வாய்விட்டு அழும் குழந்தையிடம் அதை நீட்டி ஊதச் சொன்னால், தூக்கி வீசத்தான் செய்யும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் வெயிலை மறந்துவிடுகிறோம். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கே எடுத்துச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் 40 டிகிரியைத் தாண்டும் கத்திரி நாட்களில், பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடித் தளத்திற்குக் கீழேயுள்ள அறையிலோ, தகரக் கூரையின் அடியிலோ, மாலை வெயில் அடிக்கும் மேற்குச் சுவரை ஒட்டியோ அமைதி மூலை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வியர்த்துக் கொட்டும் இடத்தில் பெரியவர்களுக்கே எரிச்சல் வருகிறது. கீழ்த்தளத்தில், கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த ஜன்னலோரமாக, காற்றோட்டமுள்ள இடம் நல்லது. சத்தத்தையும் கவனிக்க வேண்டும். குடியாத்தத்தில் தறிச் சத்தத்தையும் காட்பாடியில் ரயில் சத்தத்தையும் நம்மால் நிறுத்த முடியாது. தொலைக்காட்சிக்கும் குக்கர் விசிலுக்கும் எதிரே பாயை விரிக்காமலிருக்க முடியும்.

சுவர் நிறையக் கார்ட்டூன் படங்களும், மினுக்கும் சீரியல் விளக்குகளும், கூடை கொள்ளாத பொம்மைகளும் குழந்தையை மேலும் கிளறிவிடும். வெளிர் நிறச் சுவர், ஒரு துணி பொம்மை, இரண்டு படப் புத்தகங்கள், அம்மாவின் பழைய பருத்திப் புடவை ஒன்று என இருந்தால் தாராளம். செல்போனுக்கு அங்கே இடமே கொடுக்கக் கூடாது. அழுகை நிற்பது உண்மைதான், ஆனால் அழுதால் போன் கிடைக்கும் என்ற பாடத்தைத்தான் குழந்தை படித்துக்கொள்கிறது.

பாதுகாப்பில் நடக்கும் தவறுகள் உயிரோடு விளையாடுபவை. நறுமணம் மனதை அமைதிப்படுத்தும் என்று நம்பிச் சிலர் அங்கே கற்பூரம் வைக்கிறார்கள். கற்கண்டு என்று நினைத்துக் குழந்தை அதை வாயில் போட்டுவிட்டால், சிறிதளவே உள்ளே போனாலும் சில நிமிடங்களில் வலிப்பு வரக்கூடும். ஊதுவத்திப் புகையும் கொசுவத்திப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. கொசுவுக்கு வலையே போதும். மினுக்குத் தூள் நிரப்பிய கண்ணாடிப் பாட்டில், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள், பட்டன் பேட்டரி போட்ட விளக்கு ஆகியவையும் கூடாது. புடவைத் தூளியின் ஆட்டம் குழந்தையைத் தணிக்கும் என்பது பாட்டிமார் அறிந்த உண்மை. ஆனால் ஓடியாடும் வயதுக் குழந்தை அதில் ஏறிச் சுற்றி விளையாடும்போது கழுத்தில் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், கண்காணிக்க ஆளில்லாத நேரத்தில் அதை அவிழ்த்து வைத்துவிட வேண்டும்.

எல்லாக் குழந்தைகளும் உட்கார்ந்தேதான் அமைதியடைய வேண்டும் என்று வற்புறுத்துவதும் தவறே. சிலருக்குக் குதித்தால்தான் தணியும். சிலருக்குத் தண்ணீரில் கை அளைந்தால் போதும். வேறு சிலர் தொட்டாலே இன்னும் பதறுவார்கள். என்ன செய்தும் நெடுநேரம் ஓயாத அழுகை நாள்தோறும் வந்தாலோ, பேச்சு தாமதப்பட்டாலோ, பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாமலிருந்தாலோ, மூலையை மாற்றி மாற்றி அமைப்பதில் காலத்தைக் கடத்தாமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் (சி.எம்.சி.) குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. போகும்போது, அழுகை எந்த நேரத்தில், எதற்குப் பின் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதைச் செய்தபோது அடங்கியது என்று சில நாட்களுக்கு ஒரு நோட்டில் குறித்து எடுத்துச் சென்றால், பரிசோதிப்பவருக்குப் பாதி வேலை குறையும்.