ஆங்கிலத்தில் ‘துணை’ எழுதுவது எப்படி?

கோலாலம்பூரில் அடுக்குமாடி நிர்வாகக் குழுவுக்கோ ஆலயச் செயலவைக்கோ ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. துணை நிறுவனம், துணைக் காவல்படை, துணைச் சட்டம், துணை அட்டை என்று தமிழில் ஒரே சொல்லை முன்னால் வைத்து வேலையை முடித்துவிடுகிறோம்; ஆங்கிலமோ சப்சிடியரி, ஆக்சிலரி, ஆன்சிலரி, அக்சசரி, சப்ளிமெண்டரி என்று ஒரு வரிசையையே நீட்டுகிறது. அகராதியைப் புரட்டினாலும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் எதிரில் ‘துணையான’ என்றே இருக்கும். எனவே சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைப் பாருங்கள். துணைப் பொருள் எவ்வளவு சிறியது என்று அளப்பதில் பயனில்லை. அது தலைமைப் பொருளோடு எந்த வகையில் இணைந்திருக்கிறது, தலைமைப் பொருளை அகற்றிவிட்டால் அதற்கு என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தால் சொல் பெரும்பாலும் தானாகவே வந்து நிற்கும்.

அக்சசரி என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் கொண்டோமினியத்தில் குடியிருக்கும் எவருக்கும் இது பணம் சம்பந்தப்பட்ட சொல். வீட்டுக்கு உரியதாக ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி உரிமை) வரைபடத்தில் தனியாகக் குறிக்கப்பட்ட கார் நிறுத்துமிடத்தை 1985ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா உரிமைச் சட்டம் அக்சசரி பார்சல் என்கிறது. மலாய் ஆவணங்களில் அது பெத்தாக் அக்செசோரி. அந்தச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, அக்சசரி பார்சல் மீதான உரிமையை, அது எந்த வீட்டைச் சார்ந்ததோ அந்த வீட்டிலிருந்து பிரித்துத் தனியே கைமாற்ற இயலாது. அதாவது, தலைமைப் பொருளை ஒட்டியே இருக்க வேண்டியதும், அதோடு சேர்ந்தே கைமாறுவதுமான பொருளுக்கு இந்தச் சொல். எல்லாரும் பயன்படுத்தும் பொதுவான கார் நிறுத்துமிடத்தைக் குறித்துப் புகார் எழுதும்போது அக்சசரி பார்சல் என்று எழுதிவிட்டால், அது ஒருவரது தனி உரிமை என்ற பொருளைத் தந்து, கடிதத்தின் வாதமே தலைகீழாகிவிடும். அதற்குக் காமன் பிராப்பர்ட்டி என்றே எழுத வேண்டும்.

சப்சிடியரி என்பது ஆளப்படுவதைக் குறிக்கும் சொல். 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி, இயக்குநர் வாரியத்தின் அமைப்பை வேறொரு நிறுவனம் கட்டுப்படுத்தினாலோ, வாக்குரிமையிலோ பங்கு மூலதனத்திலோ பாதிக்கு மேல் அதன் கையில் இருந்தாலோ ஒரு நிறுவனம் சப்சிடியரி ஆகிறது. மலாயில் இதை அனாக் ஷாரிக்காட், அதாவது பிள்ளை நிறுவனம், என்று அழகாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த ‘பிள்ளை’க்குத் தனிப் பெயரும் தனிக் கணக்கும் உண்டு, ஆனால் கடிவாளம் வேறிடத்தில் இருக்கிறது. சப்சிடியரி சட்டம் என்பதும் அதே போக்கில் அமைந்ததுதான்: நாடாளுமன்றச் சட்டம் தந்த அதிகாரத்தின் கீழ் அமைச்சரோ வேறு அதிகாரியோ இயற்றும் விதிமுறைகள் எந்தச் சட்டத்தோடு முரண்பட்டாலும் முரண்படும் அளவுக்குச் செல்லாதவை ஆகும். பெட்ரோல் மானியத்தைக் குறிக்கும் சப்சிடியும் இதுவும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை என்பது உண்மைதான், ஆயினும் சப்சிடியரி நிறுவனம் என்றதும் அரசு மானியம் பெறும் நிறுவனம் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தக் குழப்பத்தை நான் பல மொழிபெயர்ப்புகளில் பார்த்திருக்கிறேன்.

ஆக்சிலரி என்றால் கைகொடுக்கத் தயாராக நிற்பது. விமான நிலையத்தில் காணும் போலிஸ் பந்துவான் ஆங்கிலத்தில் ஆக்சிலரி போலீஸ். 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டம் அவர்களுக்கு இடமளிக்கிறது. முதன்மைப் படை இருக்க, அதன் வேலையிலேயே ஒரு பங்கை ஏற்று உதவும் படை இது. பழைய காரில் பாட்டுக் கேட்க வயரைச் செருகும் ‘ஆக்ஸ்’ துளையின் முழுப் பெயரும் இதே சொல்தான்.

ஆன்சிலரி இதனோடு மிகவும் குழப்பிக்கொள்ளப்படும் சொல். ஆக்சிலரி முதன்மை வேலையிலேயே கைகொடுக்கிறது. ஆன்சிலரி முதன்மை வேலைக்கு அருகில் வேறொரு வேலையைச் செய்கிறது. மலிவு விலை விமான நிறுவனம் பெட்டிக்கும், விரும்பிய இருக்கைக்கும், நாசி லெமாக்கிற்கும் தனியே வசூலிக்கும் பணம் ஆன்சிலரி வருவாய். ஏர் ஏசியாவின் நிதியறிக்கைகளிலேயே இந்தச் சொல்லைக் காணலாம். பயணிகளைக் கொண்டுசேர்ப்பது தொழில், மற்றவை அதைச் சுற்றி விளைபவை. பயணமே இல்லையென்றால் பெட்டிக் கட்டணத்திற்கு வேலையில்லை.

சப்ளிமெண்டரி என்பது போதாத இடத்தை நிரப்புவது. வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கிய தொகை போதவில்லை என்றால், கூட்டரசு அரசியலமைப்பின் 101ஆம் பிரிவின்படி மேலவைக்கு அல்ல, மக்களவைக்குச் சப்ளிமெண்டரி மதிப்பீடு கொண்டுவரப்படும். மலாயில் தம்பாஹான், அதாவது கூடுதல், என்று வரும் இடங்களில் பெரும்பாலும் இதைத் துணிந்து எழுதலாம். மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ எடுக்கும் கூடுதல் கடன் அட்டையும் அப்படியே.

செகண்டரி வரிசையில் இரண்டாவதைக் குறிக்கிறது, மதிப்பில் தாழ்ந்ததையல்ல. ஆங்கிலத்தில் செகண்டரி ஸ்கூல் எனப்படும் நம் இடைநிலைப்பள்ளிகளே சாட்சி. சபார்டினேட் என்றால் படிநிலையில் கீழே இருப்பது: செஷன்ஸ் நீதிமன்றமும் மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் சபார்டினேட் நீதிமன்றங்கள். காம்ப்ளிமெண்டரி என்று எழுதும்போது ஆங்கில எழுத்துக்கூட்டைக் கவனியுங்கள். எல் எழுத்துக்குப் பின் ‘ஐ’ வந்தால் ஹோட்டலின் இலவசக் காலையுணவு, ‘ஈ’ வந்தால் ஒன்றையொன்று நிறைவு செய்யும் இணை.

பதவிப் பெயர்களில் மட்டும் மேற்சொன்ன எதுவும் உதவாது. மலேசியத் தமிழ் வழக்கில், குறிப்பாக ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) போன்ற கட்சிகளில், துணைத் தலைவர் என்றால் தலைவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஒருவர். அவர் ஆங்கிலத்தில் டெபுட்டி, மலாயில் திம்பாலான். உதவித் தலைவர்கள் அவருக்கும் கீழே பலராக இருப்பார்கள். அவர்கள் வைஸ் பிரசிடெண்ட், மலாயில் நாயிப். ‘உதவி’ என்பதைப் பார்த்ததும் அசிஸ்டண்ட் என்று எழுதிவிட்டால் தேர்தலில் வென்று வந்தவர் அலுவலக உதவியாளர் போலத் தோன்றிவிடுவார். ஆனால் உதவிச் செயலாளருக்கும் உதவிப் பொருளாளருக்கும் அசிஸ்டண்ட் சரியே. ஆலயச் சங்கத்தின் பதிவுக்குப் படிவம் நிரப்பும்போது சங்க விதிமுறையில் எந்த மலாய்ச் சொல் இருக்கிறது என்று முதலில் பார்த்து, அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லையே எழுதுங்கள்.