பழம் தின்பதும் ஜூஸ் குடிப்பதும்: ராமநாதபுரம் கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை எங்கும் சித்திரை வெயிலுக்கு ஒரு கிளாஸ் சாத்துக்குடி ஜூஸ் இதமாகத்தான் இருக்கும். ஆனால், 'இன்றைக்குப் பழம் சாப்பிட்டாச்சு' என்று அதைக் கணக்கில் வைப்பதுதான் முதல் தவறு.

200 மில்லி கிளாஸ் நிரம்ப மூன்று பழமாவது வேண்டும். அதே மூன்றையும் உரித்துச் சுளை சுளையாகத் தின்றால் இரண்டாவதிலேயே வயிறு போதும் என்றுவிடும். சாறோ இரண்டே நிமிடத்தில் உள்ளே போய்விடும். 1977-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஆப்பிளைத் தின்பதைவிடச் சாறாகக் குடிப்பது 11 மடங்கு வேகமாக நடந்தது. பசியும் அவ்வளவாக அடங்கவில்லை. சுளையின் தோலும் நாரும் வடிகட்டியிலேயே தங்கிவிடுவதால், சர்க்கரை தடையின்றி ரத்தத்தில் ஏறுகிறது.

உலக சுகாதார நிறுவனமும் பழச்சாற்றின் சர்க்கரையைச் சீனியோடு சேர்த்தே எண்ணுகிறது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு வரம்பு 50 கிராம். 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது. 200 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் சுமார் 17 கிராம் இருக்கிறது. கடைக்காரர் மூன்று டீஸ்பூன் சீனி போட்டால் 30-ஐ நெருங்கிவிடும். 'சீனி வேண்டாம்' என்பதை அரைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மிக்சியில் வடிகட்டாமல் அடித்தால் நார் மிஞ்சும். மெல்லும் வேலை மிஞ்சாது. அதனால் அரை கிளாஸோடு நிறுத்துவது நல்லது. கொய்யா, பப்பாளியை ஜூஸாக்கவே தேவையில்லை. நுங்கையும் அப்படியே தின்னுங்கள். சர்பத்தில் போட்டால் அந்தப் பாகின் சீனியும் கூடவே வரும்.

நோன்பு திறக்கும்போது இந்தத் தவறு பெரிதாகிறது. நாளெல்லாம் காலியாக இருந்த வயிற்றில் பேரீச்சை, வாழைப்பழம், பால், சீனி எல்லாம் அடித்த பெரிய கிளாஸ் இறங்கும். இரண்டு பேரீச்சையை மென்று, தண்ணீர் குடித்து, நோன்புக் கஞ்சிக்குப் பிறகு தர்பூசணித் துண்டுகள் என்று போனால் தாகமும் தீரும், வயிறும் தாங்கும்.

மீன்பிடிக் கரையில் ஐஸையும் கவனிக்க வேண்டும். மீனுக்குப் போடும் ஐஸ் குடிக்கத் தகுந்த நீரில் செய்யப்பட்டது என்று நம்பியிருக்க முடியாது. உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்பது 2018 முதல் விதி. ஆனால் வெள்ளையாக இருப்பதாலேயே நம்பிவிட முடியாது. சந்தேகம் வந்தால் ஐஸ் இல்லாமல் கேளுங்கள்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குச் சாறு வேண்டாம். பழத்தை மசித்து ஊட்டுங்கள்.

சாறே சரியான இடமும் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் முழுப் பழம் மெதுவாகத்தான் ஏற்றும். 150 மில்லி சாறு உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லையென்றால் அதே அளவு இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.