ஈரமா, புரோட்டீனா? ஒரு முடியை இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

வாஷ்பேசினில் கிடந்ததை உதிர்ந்த முடி என்றுதான் முதலில் நினைத்தேன். தோள்வரை வளர்த்து, இரண்டு முறை ப்ளீச் செய்து நிறம் ஏற்றிய தலை. சீப்பை எடுத்தாலே பொடிப்பொடியாகக் கொட்டியது. சலூனில் வேலை பார்க்கும் என் அக்கா பேசினிலிருந்து பத்து முடியைப் பொறுக்கி ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தாள். "டேய், இதுல ஒண்ணுலயாவது வேர் இருக்கா பாரு."

இல்லை. எல்லாம் இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடைத் துண்டுகள். தானாக உதிரும் முடி முழு நீளத்தில் இருக்கும், ஒரு முனையில் சின்னதாக வெள்ளைக் குமிழ் தெரியும். நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படிப் போவது இயல்பு. என் தலையில் நடந்தது உடைசல். நீங்களும் முதலில் இந்தத் தாள் வேலையைச் செய்துவிடுங்கள். வேரோடு கொத்துக்கொத்தாகப் போகிறது என்றால் நான் கீழே சொல்வது எதுவும் உதவாது, தோல் மருத்துவரைப் பாருங்கள்.

உடைசல்தான் என்று தெரிந்ததும் நான் செய்தது இன்னும் கூத்து. முடி உடைந்தால் புரோட்டீன் போதவில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, புரோட்டீன் ஷாம்பு, புரோட்டீன் மாஸ்க், புரோட்டீன் ஸ்ப்ரே மூன்றையும் ஒரே நாளில் தொடங்கினேன். முதல் வாரம் முடி அப்படி நின்றது! நான்காவது வாரம் துடைப்பக் குச்சி மாதிரி ஆகி, வளைத்தால் டக்கென்று முறிந்தது. பயந்துபோய், ஈரப்பதம்தான் போதவில்லை என்று எதிர்ப்பக்கம் ஓடினேன். மென்மையாக்கும் மாஸ்க்கை அப்பி, தலையில் உறையை மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க ஈரத்தலையோடு தூங்கினேன். அப்படி மூன்று வாரம். இப்போது முடி துவண்டு, நனைந்தால் நீண்டுகொண்டே போய் அறுந்தது. ஒரே தலையை இரண்டு விதமாகவும் உடைத்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முடிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரோட்டீன். உள்ளே முறுக்கிய கயிறு போல நார்கள், வெளியே ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள், ஏறக்குறைய 6 முதல் 10 அடுக்கு. நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்புகளில் ஒரு வகை தண்ணீர் பட்டாலே விட்டுவிடும், காய்ந்தால் திரும்பப் பிடிக்கும். அது ஹைட்ரஜன் பிணைப்பு. தூங்கி எழும்போது கோணிக்கொண்டு நிற்கிற முடி நனைத்தவுடன் படிந்துவிடுகிறதே, அதனால்தான். இன்னொரு வகை கந்தகப் பிணைப்பு. அதைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ப்ளீச்சும், நிரந்தரமாக நீட்டவோ சுருட்டவோ போடும் ரசாயனங்களும் கை வைப்பது அதில்தான்.

நனைந்த முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை தண்ணீரைக் குடிக்கும். குடித்ததும் பக்கவாட்டில் நன்றாகப் பருக்கும், நீளத்தில் அவ்வளவாக மாறாது. பருக்கும்போது செதில்கள் தூக்கிக்கொள்ளும், காயும்போது படியும். திரும்பத் திரும்பப் பருத்துச் சுருங்கினால், அதுவும் ஏற்கெனவே ப்ளீச் பட்ட முடி என்றால், நார்கள் தளர்ந்துபோகும். ராத்திரி முழுக்க ஈரத்தில் ஊறவைத்து நான் சம்பாதித்தது அதைத்தான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எல்லோரும் சொல்லும் 'ஈரப்பதம்' என்ற வார்த்தையே ஆளைத் தவறான பக்கம் இழுக்கிறது. சேதமான முடி நல்ல முடியைவிட அதிகமாகவே தண்ணீரை உறிஞ்சும். 'வறண்டு கிடக்கிறது' என்று கை சொல்வது பெரும்பாலும் செதில்கள் சொரசொரத்துக் கிடப்பதைத்தான். கண்டிஷனர் தண்ணீர் ஊட்டுவதில்லை. அதிலுள்ள பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு போன்ற நேர்மின்னேற்றப் பொருட்கள், எதிர்மின்னேற்றம் அதிகமாக இருக்கும் அடிபட்ட இடங்களைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு வழவழப்பைக் கொடுக்கின்றன. கூடவே செட்டைல் ஆல்கஹால் போன்ற கொழுப்பு ஆல்கஹால்கள். ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இவை உலர்த்துவதில்லை. நான் இப்போதெல்லாம் ஈரப்பதம் என்று சொல்வதை விட்டுவிட்டு 'மென்மை' என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால் ஊறவைக்கும் ஆசை வராது.

புரோட்டீன் விஷயமும் இதே கதைதான். வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் இல்லை, எதையும் சாப்பிடாது. பாட்டிலில் இருப்பது ஹைட்ரோலைஸ்டு புரோட்டீன், அதாவது சிறுசிறு துண்டுகளாக்கியது. மிகச் சிறிய துண்டுகள் கொஞ்சம் உள்ளே போகும், பெரியவை மேலே படலமாகப் படியும். பழுதான இடத்தில் ஒட்டுப்போட்டது போல விறைப்பு கிடைக்கும். அறுந்த கந்தகப் பிணைப்பை அது திரும்பக் கட்டிவிடாது. சில குளியல்களில் கழுவிக்கொண்டும் போய்விடும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. முட்டையை அப்படியே உடைத்துத் தலையில் ஊற்றுகிறவர்களுக்கு: அதன் மூலக்கூறு ரொம்பப் பெரிது, உள்ளே நுழையாது. நாற்றம்தான் மிச்சம்.

சரி, உங்கள் முடிக்கு எது வேண்டும்? வாங்குவதற்கு முன்னால் இழுத்துப் பாருங்கள். தலைக்கு ஷாம்பு போட்டு அலசிய பிறகு, கண்டிஷனருக்கு முன்னால். பிடுங்க வேண்டாம், விரலோடு வந்த முடியே போதும். முடிந்தால் நெற்றி ஓரம், உச்சி, பிடரி என்று மூன்று இடத்திலிருந்தும் ஒவ்வொன்று எடுங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருக்காது.

முடியின் நுனிப்பக்கத்தை, இரண்டு கைக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருக்கும்படி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். வேர்ப்பக்கத்தில் சோதித்து ஏமாறாதீர்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். 30 சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு இரண்டரை வயது. இரண்டரை வருட வெயிலும் சீப்பும் சாயமும் பட்டது அதுதான், வேர்ப்பக்கம் பச்சைக் குழந்தை. பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு மெல்ல, மூச்சுவிடும் வேகத்தில் இழுங்கள். 12 வரை போனால் நிறுத்திவிடுங்கள். நனைந்த முடி 30 சதவீதம் வரை நீண்டு திரும்பக்கூடியதுதான். அதைத் தாண்டினால் எந்த நல்ல முடியும் கெட்டுப்போகும். பலம் காட்டும் இடம் இது இல்லை.

12 வரை நீண்டு, விட்டதும் 10-க்குத் திரும்புகிறதா? அந்த முடிக்குக் கண்டிஷனர் மட்டும் போதும், வேறெதையும் தொடாதீர்கள். நீளாமலே டக்கென்று அறுகிறதா, காய்ந்தபின் தொட்டால் கரகரவென்று விறைப்பாக இருக்கிறதா? புரோட்டீன் உள்ள எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பழைய ரப்பர் பேண்ட் போல நீண்டு, நீண்டபடியே தொங்குகிறதா? அப்போதுதான் புரோட்டீன். தொட்டால் கூழ் மாதிரி நசுங்குகிறது என்றால் எந்த மாஸ்க்கும் வேண்டாம், கத்தரிக்கோல்தான்.

இது ஆய்வுக்கூடச் சோதனை இல்லை, கைக்கணக்கு. அதோடு, 'புரோட்டீன் அதிகமாகிவிட்டது' என்று நாம் சொல்வது பல நேரம் மேலே படலம் படலமாகச் சேர்ந்துபோனதைத்தான். படிவை நீக்கும் ஆழ்சுத்த ஷாம்பு ஒரே ஒரு தடவை போட்டு, பிறகு தாராளமாகக் கண்டிஷனர் போட்டதிலேயே என் துடைப்பக் குச்சி பாதி வழிக்கு வந்தது. விறைத்த முடிக்கு முதலில் அதைச் செய்யுங்கள்.

புரோட்டீன் தேவை என்று தெரிந்தால் நான்கு குளியலுக்கு ஒரு முறை என்று தொடங்குங்கள். இது என் தலையில் சரிப்பட்ட கணக்கு. மெல்லிய முடி சீக்கிரம் விறைத்துப்போகும், அவர்கள் இன்னும் தள்ளிப் போடலாம். சாயமோ சூடோ படாத முடிக்குத் தனியாகப் புரோட்டீனே தேவைப்படாமல் இருக்கலாம். பாட்டிலில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம்தான். பத்து நிமிடம் நல்லது என்றால் ஒரு மணி நேரம் இன்னும் நல்லது என்று என்னைப் போலக் கணக்குப் போட வேண்டாம். அலசிவிட்டு அதன் மேல் கண்டிஷனர் கட்டாயம்.

அப்புறம், பாட்டிலின் பின்பக்கத்தில் உள்ள பொருட்பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் கீழே போனதும் எந்த வரிசையிலும் எழுதலாம். ஹைட்ரோலைஸ்டு என்ற சொல்லைத் தேடுங்கள், அதை அடுத்து கெரட்டின், கோதுமை, பட்டு, சோயா என்று ஏதாவது வரும். முன்பக்கத்தில் ஈரப்பதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த என் கண்டிஷனரின் பின்பக்கத்தில் ஐந்தாவதாக ஹைட்ரோலைஸ்டு கோதுமைப் புரோட்டீன் இருந்தது. புரோட்டீனை நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டே இரண்டு வாரம் அதைத் தடவியிருக்கிறேன்.

எண்ணெய் பற்றி ஒரே ஒரு விஷயம். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடி இழக்கும் புரோட்டீனைக் குறிப்பிடும்படி குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதன் லாரிக் அமிலம் உள்ளே புகக்கூடியது. எனவே எண்ணெயை ஷாம்புவுக்கு முன்னால், முடியின் நீளத்தில் சில சொட்டுகள் தடவுங்கள்.

கைப்பழக்கத்தை மாற்றாமல் பாட்டிலை மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை. ஈர முடி பலவீனமானது. கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். துண்டால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். ஈர முடியில், முடியை நீட்டும் சூட்டு அயர்ன் வைத்தால் உள்ளே உள்ள தண்ணீர் ஆவியாகி முடிக்குள்ளேயே குமிழ் விடும், அந்த இடத்தில் முறியும். காய்ந்த முடிக்கும் 180 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். பிளந்த நுனி ஒட்டவே ஒட்டாது. நான் நான்கு சென்டிமீட்டர் வெட்டினேன், அக்கா ஆறு வெட்டச் சொன்னாள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று வாரம் பொறுத்து, இழுத்துப் பார்த்ததை எழுதி வையுங்கள். என் நோட்டில் கடைசியாக எழுதியது: 'பிடரி 12, திரும்பியது. உச்சி 12, திரும்பியது. நெற்றி ஓரம், டக்.' அந்த ஓரத்தில்தான் தினமும் அயர்ன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே கெட்டுப்போனது இன்னும் பதினோரு சென்டிமீட்டர் பாக்கி, அதாவது புது முடி வளர்ந்து அதை வெட்டித் தள்ளப் பதினோரு மாதம். அயர்ன் இப்போது அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது.