வெளிநாட்டு வீரருக்கு உள்ளூர்ப் பயிற்சியாளர்: தடை போடும் முன் விதி எழுதும் முறை

2010 பிப்ரவரியில் வான்கூவரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, கனடா வெளிநாட்டு வீரர்களிடம் இருவேறு விதமாக நடந்துகொண்டது. சொந்த நாட்டினருக்குப் பதக்கம் சேர்க்கும் திட்டத்தின் ஒரு பகுதியாக, விஸ்லரில் இருந்த லூஜ் (சிறு சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்தபடி பனித்தடத்தில் விரையும் போட்டி) பந்தயத் தடத்தில் பிற நாட்டவர் பழகும் வாய்ப்பு குறைக்கப்பட்டது. அதே காலத்தில் கனடியப் பயிற்சியாளரான பிரையன் ஓர்சர், டொரன்டோவிலுள்ள ஒரு மன்றத்தின் பனித்தளத்தில் தென் கொரியாவின் கிம் யுனாவைப் பெண்கள் கலைநயப் பனிச்சறுக்குப் போட்டிக்குத் தயார்படுத்திக்கொண்டிருந்தார். கிம் தங்கம் வென்றார். கனடாவின் ஜோனி ரோஷெட்டுக்கு வெண்கலம் கிடைத்தது.

வெளிநாட்டினர் நம் பயிற்சியாளரிடம் பயிலலாமா என்ற கேள்வி எந்த விளையாட்டுச் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்தாலும், பெரும்பாலும் அது ஒரு தோல்விக்குப் பிறகு, கோபத்தோடுதான் வருகிறது. அந்தக் கூட்டத்தில் தீர்மானம் எழுதும் பொறுப்பு உங்களுடையது என்றால், எழுத வேண்டிய முறை இது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடவுச்சீட்டைப் பார்த்து விதிக்கும் தடை வீண், பொதுப் பணத்தில் கிடைக்கும் வசதிக்கு, வீரர் வந்து சேரும் முன்பே நிபந்தனை எழுதிக்கொள்வது அவசியம்.

முதலில் இழப்பு உண்மையானதா என்று பாருங்கள். முடிவுப் பட்டியலை எடுத்து வெளிநாட்டு வீரரின் பெயரை அடித்துவிட்டு, யார் எந்த இடத்துக்கு உயர்கிறார் என்று கணக்கிடுங்கள். வான்கூவரில் கிம்மின் பெயரை அடித்தால் தங்கம் ஜப்பானின் மாவோ அசாடாவுக்குப் போகும். ரோஷெட் வெள்ளிக்கு உயர்வார், அவ்வளவுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் கணக்கு வேறு. கொரியாவின் கிம் வூ மின் வெண்கலம் பெற, ஆஸ்திரேலியாவின் சாம் ஷார்ட் 0.14 வினாடியில் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அந்தக் கிம் முன்னதாக ஆஸ்திரேலிய அணிப் பயிற்சியாளர் மைக்கேல் பால்ஃப்ரியிடம் பயிற்சி பெற்றவர். இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் தோஹாவில் நடந்த உலகப் போட்டியில் இதே தூரத்தில் கிம் தங்கம் வென்றிருந்தார் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பயிற்சியாளர் கொடுத்தது எவ்வளவு, வீரர் கொண்டுவந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தக் குழுவாலும் முடியாது.

அடுத்து, பணம் யாருடையது என்று கேளுங்கள். தனியார் மன்றத்தில் கட்டணம் வாங்கிக் கற்றுக்கொடுப்பவர் தம் தொழிலைச் செய்கிறார். அவரைத் தடுக்கும் உரிமை சங்கத்துக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. நமக்குத் தெரிந்த உதாரணம் சென்னையின் எம்ஆர்எஃப் வேகப்பந்து அறக்கட்டளை. 1987இல் தொடங்கிய அந்தத் தனியார் அமைப்பில், ஆஸ்திரேலியரான டென்னிஸ் லில்லியின் மேற்பார்வையில், க்ளென் மெக்ராத்தும் இலங்கையின் சமிந்த வாஸும் பயின்றார்கள். பின்னர் இருவரும் இந்திய மட்டையாளர்களைப் படுத்திய பாடு ஊரறிந்தது. அதற்காக அறக்கட்டளையை மூடச் சொன்னவர் யாருமில்லை. 2012இல் லில்லியின் இடத்துக்கு மெக்ராத்தே வந்து நம் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அரசுச் சம்பளம், அரசு நீச்சல் குளம், அரசு செலவில் இயங்கும் விளையாட்டு அறிவியல் கூடம் ஆகியவை கலந்திருக்கும் இடத்தில்தான் சங்கத்தின் பேனாவுக்கு வேலை.

அங்கே எண்ணி எழுதுங்கள். பயிற்சி மையத்தில் உண்மையில் பற்றாக்குறையாக இருப்பவை தடமும், பயிற்சியாளரின் கண்ணும்தான். காலை ஐந்து மணிக்கு ஒரு தடத்தில் ஆறு பேர் நீந்தும்போது ஏழாவது ஆள் சேர்ந்தால், ஒவ்வொருவரின் திருப்பத்தையும் கையின் இழுப்பையும் பயிற்சியாளர் பார்க்கும் நேரம் குறைகிறது. எனவே, ஒரு பயிற்சியாளரிடம் ஒரே நேரத்தில் எத்தனை வெளிநாட்டினர் இருக்கலாம், எந்த வேளைகள் உள்ளூர்க் குழுவுக்கு மட்டும், தேசியத் தேர்வுப் போட்டிக்கு எத்தனை வாரம் முன்பு விருந்தினர் வெளியேற வேண்டும் என்பவற்றை எண்ணாகவே குறிப்பிடுங்கள். “தேவைக்கேற்ப” என்ற சொல்லை எங்கும் விடாதீர்கள். பரிந்துரைக் கடிதங்கள் நுழையும் கதவு அதுதான். வாங்கும் கட்டணம் எந்தக் கணக்கில் சேரும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். அது இளையோர் பயிற்சிக்குப் போனால் எதிர்ப்பில் பாதி அடங்கிவிடும்.

எண்ணிக்கை வரம்பு வேண்டும் என்கிறேனே தவிர, பூஜ்யம் வேண்டும் என்று சொல்லவில்லை. பனி நடனத்தில் கனடாவின் டெஸ்ஸா வெர்ச்சூ, ஸ்காட் மோயர் இணையும் அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் இணையும் பல ஆண்டுகள் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரே பனித்தளத்தில் பழகினார்கள். 2010 ஒலிம்பிக்கில் கனடிய இணை தங்கமும் அமெரிக்க இணை வெள்ளியும் வென்றன; 2014இல் அது தலைகீழானது. பிறகு மான்ட்ரியாலில் பிரான்ஸின் பாபடாகிஸ், சிசெரோன் இணை பயின்ற இடத்திலேயே பயின்று, 2018இல் வெர்ச்சூவும் மோயரும் மீண்டும் தங்கம் பெற்றார்கள், வெள்ளி பிரான்ஸுக்கு. தினமும் உலகின் இரண்டாவது சிறந்த இணை பக்கத்தில் சறுக்கிக்கொண்டிருப்பதற்கு ஈடான பயிற்சிக் கருவி எதுவும் இல்லை.

ஊக்கமருந்துக்கென்று தனிப் பத்தி எழுதுங்கள், அதில் இளக்கம் காட்டாதீர்கள். ஆஸ்திரேலியாவின் கிராண்ட் ஹேக்கெட்டை 1500 மீட்டரில் இருமுறை ஒலிம்பிக் தங்கத்துக்குக் கொண்டுசென்ற டெனிஸ் காட்டரெல், பின்னர் சீனாவின் சுன் யாங்குக்கும் கற்றுக்கொடுத்தார். ஹேக்கெட்டின் பத்தாண்டு உலக சாதனையை 2011இல் சுன் முறியடித்தபோதுகூட, அது பயிற்சியாளரின் திறமை என்று சமாதானம் சொல்ல முடிந்தது. 2014இல் சுன் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி மூன்று மாதத் தடை பெற்ற செய்தி வெளியானதும் அந்தச் சமாதானம் செல்லாமல் போயிற்று. சோதனைக்கு உட்படுவேன் என்ற ஒப்புதலும், விதிமீறல் வெளியான நாளிலேயே இடம் ரத்தாகும் என்ற வாசகமும் சேர்க்கைப் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

பயிற்சியாளரின் வாயையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. பாரிஸில் பால்ஃப்ரி ஆஸ்திரேலிய அணியின் உடையில் இருந்துகொண்டே, கிம் வெல்ல வேண்டும் என்று கொரியத் தொலைக்காட்சியிடம் பேசியதுதான் பெரும் சர்ச்சையானது; பயிற்சி கொடுத்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. தேசிய அணியோடு செல்பவர் போட்டி முடியும்வரை வெளிநாட்டு மாணவரைப் பற்றிப் பேட்டி தரக்கூடாது என்ற ஒரே வரி இதற்குப் போதும்.

இரண்டு விஷயங்களை இந்த விதிக்குள் கொண்டுவராதீர்கள். ஒன்று அரசியல். இலங்கை வீரர்கள் பங்கேற்பதை ஏற்காத தமிழக அரசு, 2013 ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்த மறுக்க, அது புனேவுக்குப் போனது. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். அதை அரசு தன் பெயரில் எடுத்தது, பயிற்சி விதியின் போர்வையில் ஒளிக்கவில்லை. மற்றொன்று பாதுகாப்பு. வான்கூவர் தொடக்க விழா நாளன்று, மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பயிற்சி ஓட்டத்தில் இருந்த ஜார்ஜியாவின் நோடார் குமாரிதாஷ்விலி விஸ்லர் தடத்திலிருந்து தூக்கி வீசப்பட்டு உயிரிழந்தார். கூடுதல் பயிற்சி கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கனடாவின் கட்டுப்பாடு உடனே கேள்விக்குள்ளானது. உயிருக்கு ஆபத்தான தடங்களில் விருந்தினரின் பழகும் நேரத்தைப் பேரம் பேசும் பொருளாக்கக் கூடாது.

வரைவு முடிந்ததும் அதில் நாட்டின் பெயரை மாற்றிப் போட்டு, உரக்க வாசித்துப் பாருங்கள். நீரஜ் சோப்ரா ஜெர்மானியரான கிளாஸ் பார்டோனியட்ஸிடம் பயின்றார்; தென்னாப்பிரிக்காவிலும் துருக்கியிலும் பின்லாந்திலும் தங்கிப் பழகினார். அந்த நாடுகள் நீங்கள் எழுதிய அதே விதியை அவருக்கு விதித்திருந்தால் உங்களுக்கு உறுத்தியிருக்கும் வரி எதுவோ, அதைக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லும் முன்பே திருத்திவிடுங்கள்.