கன்வென்ஷனில் அழுதுவிட்டு வீடு திரும்பிய பிறகு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் சபையின் வாலிபர் முகாம் முடிந்த இரவு, ஒரு பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, மூணாவது தடவையா என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருக்கேன், இந்தத் தடவையாவது நிக்குமா?" என்று கேட்டான். களியக்காவிளையைச் சுற்றி, தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், எழுப்புதல் கூட்டங்களுக்குக் குறைவே கிடையாது. தமிழ்ப் பந்தல் ஒன்று என்றால் மலையாளப் பந்தல் இன்னொன்று. நானும் பந்தல் பந்தலாக ஏறி இறங்கியவன்தான். காலையில் எழும்பாமல் தூங்குவது, ஜெபத்தின் நடுவே போனைப் பார்ப்பது இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நாற்பது நாள் உபவாசத்தில் தொடங்குவது

வேண்டாம். ஒரு வேளையில் தொடங்குங்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த ஒரு வேளையைக்கூட விட வேண்டாம்.

அடுத்தவருடைய ஜெப நேரத்தைப் பின்பற்றுவது

பால்வெட்டுக்குப் போகிறவர் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் நிற்பார். பால் எடுத்து, உறைய ஊற்றி, ஷீட் அடித்து முடிக்கும்போது வெயில் ஏறியிருக்கும். அப்புறம் கைகால் கழுவி உட்காருகிற அரை மணி நேரம்தான் அவருடைய வேளை. அவரிடம் போய் அதிகாலை ஜெபம்தான் ஜெபம் என்று சொல்லிக் குற்ற உணர்வை ஏற்றிவிடாதீர்கள். 55-ஆம் சங்கீதத்தில் மத்தியானமும் இருக்கிறது, அந்தியும் இருக்கிறது.

ஒரே வருடத்தில் முழு வேதாகமம்

மொத்தம் 1,189 அதிகாரங்கள், அதாவது நாளுக்கு மூன்றுக்கு மேல். ஆதியாகமம் கதைபோல ஓடிவிடும், பிப்ரவரியில் லேவியராகமம் வந்ததும் நின்றுவிடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு மாற்கு போதும், 16 அதிகாரம்தான். நான் வருடாவருடம் லேவியராகமத்தைத் தாண்டிக் குதித்தேன். அதில் எதைத் தவறவிட்டேன் என்று இதோ சொல்கிறேன்.

மனிதனுக்குச் செய்த தப்பைத் தேவனிடம் மட்டும் அறிக்கையிடுவது

இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே கோபம் வருகிற தவறு இதுதான். 2009-ல் நான் சீட்டு எடுத்தபோது அண்ணன் ஜாமீன் நின்றார். எடுத்த பணத்தைத் தொழிலில் விட்டுவிட்டு நான் தவணை கட்டவில்லை. அண்ணன் பால் தந்துகொண்டிருந்த தன் ரப்பர் மரங்களைத் தடி வியாபாரிக்கு வெட்டிக் கொடுத்து 75,000 ரூபாயை அடைத்தார். மறுபடி கன்று நட்டால் பால் எடுக்க ஏழு வருடம் ஆகும். அந்த ஏழு வருடமும் நான் ஒரு கூட்டம் விடாமல் அழுதேன். பம்பை ஆற்று மணலில் 1895 முதல் நடந்துவருகிற மாராமண் கன்வென்ஷனுக்குக்கூட இரண்டு பிப்ரவரியில் போய் வந்தேன். கேட்ட செய்திகளில் குறையே இல்லை. தேவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அண்ணன் வீட்டு வாசலைத் தவிர்க்கக் குளத்தங்கரை வழியாகச் சுற்றி ஆலயத்துக்குப் போனேன். கூட்டம் முடிந்து மூன்று வாரம் மனசு லேசாக இருக்கும், அப்புறம் பழையபடி பாரம் ஏறும். அதை ஆவிக்குரிய வறட்சி என்று நினைத்து அடுத்த பந்தலைத் தேடினேன்.

நான் தாண்டிக் குதித்த லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தில்தான் அது இருக்கிறது: முதலைத் திருப்பிக் கொடு, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு, குற்றநிவாரணபலியும் கொண்டு வா. மத்தேயு ஐந்தில் இயேசுவும், காணிக்கையை பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்கிறார். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்ற அந்த இடத்தில்தான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற வார்த்தையும் வருகிறது.

75,000-க்கு ஐந்தில் ஒன்று 15,000. ஷீட் விற்ற காசில் 90,000 ரூபாயை இரண்டு வருடமாகக் கொடுத்துத் தீர்த்தேன். முதல் தவணையோடு போன அன்று அண்ணன் நோட்டை எண்ணிப் பார்க்கவில்லை. "மரத்தை வெட்டுனப்ப நீ பக்கத்துல வந்து நின்னிருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டார். அதற்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு அவசரப்பட்டு எங்கேயும் போய்விடாதீர்கள். உங்கள் மனசுக்குள் மட்டும் இருந்த கசப்பை, அது தெரியவே தெரியாதவரிடம் போய்க் கொட்டினால் உங்கள் பாரம் அவர் தலைக்கு மாறும், அவ்வளவுதான். அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போவதுதான் ஒப்புரவு என்று யாராவது சொன்னால், போதகரே சொன்னாலும், கேட்க வேண்டாம். எழுந்து போக வேண்டியவன் தப்பு செய்தவன்.

அந்தப் பையனிடம், "யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கு?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அம்மாவின் சங்கிலி, ஒரு பவுன் என்றான்.

உடனே சாட்சி சொல்ல ஓடுவது

கடைசித் தவணை கொடுத்த மறு ஞாயிறே ஆலயத்தில் எழுந்து சொல்லிவிட நினைத்தேன். அண்ணனின் மனைவி, என் மைனிதான், "வேண்டாம் தம்பி, எங்க வீட்டுக் கஷ்டத்தை மைக்குல பேசாதீங்க" என்றார். ஆலயத்தில் இன்றுவரை சொல்லவில்லை. இங்கேயும் அவரிடம் கேட்டு, ஊர்ப் பெயரை விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.