மெரினா மணலில் பொருள் தொலைந்தால்: தேடுவது முதல் புகார் வரை

மோதிரத்தைக் காணோம் என்று தெரிந்ததும் மொத்தக் குடும்பமும் குனிந்து மணலைக் கிளற ஆரம்பிக்கும். பொருள் கிடைக்காமல் போவதற்குப் பாதி காரணம் அதுதான். காய்ந்த மணலில் விழுந்த மோதிரம் முதலில் ஒன்றிரண்டு விரற்கடை ஆழத்தில்தான் கிடக்கும். நாலு பேர் மிதித்துக் கிளறினால் அரை ஜாண் இறங்கிவிடும். அதனால் முதல் வேலை எல்லோரையும் அப்படியே நிற்கச் சொல்வது.

1. இடத்தைக் குறியுங்கள்

உட்கார்ந்திருந்த இடத்தில் குடையையோ செருப்பையோ நட்டு வையுங்கள். மெரினாவில் மணல் அகலம் பல இடங்களில் 300 மீட்டர் வரும். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாலே எந்த இடம் என்று தெரியாது. போனில் லொக்கேஷன் போட்டு வைத்தால் போதாதா என்றால், போதாது. வெட்டவெளியில்கூட அது சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே காட்டும். 5 மீட்டர் ஆரமுள்ள வட்டம் என்றால் கிட்டத்தட்ட 78 சதுர மீட்டர். அவ்வளவு மணலை யார் சலிப்பது?

கட்டுமரக்காரர்கள் கடலில் இடம் குறிக்கும் முறையே இங்கும் நல்லது. கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் பாருங்கள். உதாரணமாக, ஒரு விளக்குக் கம்பமும் அதன் பின்னால் தெரியும் கட்டடத்தின் மூலையும். கலங்கரை விளக்கம் பக்கம் திரும்பி அதேபோல் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் உங்கள் இடம். இரண்டு திசைக்கும் ஒவ்வொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை வந்து தேட வேண்டியிருந்தால் உதவும்.

2. தோண்டும் முன் யோசியுங்கள்

கடைசியாகப் பொருளைப் பார்த்தது எப்போது என்பதற்கு அன்று எடுத்த போட்டோக்களே சாட்சி. 5:40 மணி படத்தில் காதில் கம்மல் இருக்கிறது, 6:10 படத்தில் இல்லை என்றால் தேட வேண்டியது அந்த அரை மணி நேரத்தை மட்டும்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்த இடம், கை துடைத்த இடம், குதிரை சவாரி, ராட்டினம், கடைசியாகக் கால் கழுவிய குழாயடி. பேன்ட் பாக்கெட்டில் இருந்த சாவி பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலேயே நழுவியிருக்கும். பக்கத்து சுண்டல், பஜ்ஜிக் கடைகளில் கேட்டுவிடுங்கள். கிடைத்ததைப் பலரும் அங்கேதான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

3. மணலைச் சலிக்கும் முறை

கம்பு நாலு, சணல் கயிறு, சல்லடை, 15 லிட்டர் வாளி, கைப்பிடித் தட்டு அல்லது பழைய பிளாஸ்டிக் மூடி போதும். மண்வெட்டி வேண்டாம்.

2 மீட்டருக்கு 2 மீட்டர் சதுரம் கட்டி, அதை நாலு கட்டமாகப் பிரியுங்கள். முதலில் சலிக்காமல் கண்ணால் பாருங்கள். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் மணலோடு மணலாகப் படுக்க வைத்து அடித்தால் ஒவ்வொரு மேடும் நிழல் போடும், உலோகம் பளிச்சிடும். பகலில் காலை வெயில் சாய்வாக விழும் நேரம் இதே வேலையைச் செய்யும். உச்சி வெயிலில் எல்லாமே மின்னும், ஒன்றும் தெரியாது.

பிறகு இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் மணலை வழித்தெடுத்துச் சலியுங்கள். சலித்த மணலைச் சதுரத்துக்கு வெளியே கொட்டுங்கள். உள்ளேயே கொட்டினால் எதைச் சலித்தோம் என்ற கணக்கு போய்விடும். ஒரு சதுர மீட்டரை 10 சென்டிமீட்டர் ஆழம் வரை சலித்தால் 100 லிட்டர் மணல், அதாவது ஏழு வாளி. நாலு கட்டத்துக்கு 28 வாளி. இரண்டு பேருக்கு நல்ல வேலைதான், ஆனால் முடிகிற வேலை.

பலர் கோட்டை விடுவது சல்லடையில். வீட்டு மாவுச் சல்லடை ஈர மணலில் உடனே அடைத்துக்கொள்ளும். ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் வாங்கும் 5 மில்லிமீட்டர் கண் சல்லடை மோதிரம், கொலுசு, சாவிக்கு ஏற்றது. ஆனால் கம்மலின் திருகாணியும் மூக்குத்தியும் அதில் நழுவிவிடும். அவற்றுக்கு 2 மில்லிமீட்டர் கண் வேண்டும், மணலும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்துச் சலியுங்கள்.

காந்தம் கொண்டுவந்து இழுப்பவர்களைப் பார்க்கலாம். தங்கமும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டுவது கருமணலும் சோடா மூடியும்தான். இரும்பு கலந்த சாவி வளையத்துக்கு மட்டும் முயலலாம். மெட்டல் டிடெக்டர் கிடைத்தால் காய்ந்த மணலில் நன்றாக வேலை செய்யும். உப்பு ஈரமான அலையோரத்தில் சாதாரண வகை சும்மாவே கத்திக்கொண்டிருக்கும். அங்கே பல அலைவரிசை வகையோ பல்ஸ் வகையோதான் சரிப்படும்.

இருட்டிவிட்டால், இரவு 10 மணியை ஒட்டிப் போலீசார் மணலிலிருந்து ஆட்களைக் கிளப்பிவிடுவது வழக்கம். விடிந்ததும் துப்புரவு வேலை தொடங்கும், மணல் சலிக்கும் வண்டியும் வரலாம். எனவே மறுநாள் என்றால் விடியற்காலையே போய்விடுங்கள். துப்புரவுப் பணியாளர்களிடமும் சொல்லி வையுங்கள்.

4. அலையில் போயிருந்தால்

கனமான சின்னப் பொருளை அலை தூக்கிப்போவது குறைவு. அடியிலுள்ள மணலை அரித்து அங்கேயே புதைத்துவிடும். மிதக்கும் செருப்பும் பையும் கரையோர நீரோட்டத்தோடு நகரும். தோராயமாக மார்ச் முதல் அக்டோபர் வரை வடக்கே, நேப்பியர் பாலம் பக்கம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே, கலங்கரை விளக்கம் பக்கம். தேடித் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். இங்கே கரை சட்டென்று சரியும்.

5. போன் என்றால் வரிசை முக்கியம்

முதலில் வேறு போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். புதைந்த போனின் சத்தம் அமுங்கிக் கேட்கும், குனிந்து கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் போன் இருக்கும் இடத்தைக் காட்டும் சேவையைத் திறங்கள்: ஆண்ட்ராய்டுக்குக் கூகுளின் ஃபைண்ட் ஹப், ஐபோனுக்கு ஐக்ளவுட். இங்கேதான் சிக்கல்: உள்ளே நுழையக் கூகுள் ஓடிபி கேட்கலாம், ஓடிபி வருவதோ தொலைந்த போனுக்கு. ஓடிபிக்குப் பதிலாகப் போட, கூகுள் கணக்கில் எட்டு இலக்கத்தில் பத்து பேக்கப் குறியீடுகள் எடுக்கலாம். இன்றே எடுத்து வீட்டில் எழுதி வையுங்கள். அடுத்தவர் போனில் திறந்தால் வேலை முடிந்ததும் வெளியேற மறக்காதீர்கள்.

போனைத் தொலைவிலிருந்து பூட்டிய பிறகே சிம்மை முடக்குங்கள். சிம் போனால் இணையமும் போகும், இருப்பிடமும் தெரியாது. திரைப்பூட்டே இல்லாத போன் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள்: முதலில் வங்கியும் யுபிஐயும், உடனே சிம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

புகார் கொடுக்க, மெரினாவின் வடக்குப் பக்கம் என்றால் அண்ணா சதுக்கம் காவல் நிலையம், தெற்கே மெரினா காவல் நிலையம், எலியட்ஸ் கடற்கரைக்கு சாஸ்திரி நகர். புகார் சுருக்கமாக இருக்கட்டும் (ஐஎம்இஐ என்பது போனுக்கு உரிய தனி அடையாள எண்):

"இன்று மாலை 6 முதல் 6:30 மணிக்குள், உழைப்பாளர் சிலைக்கு எதிரே மணல் பரப்பில், கருப்பு நிறக் கைபேசி தொலைந்துவிட்டது. ஐஎம்இஐ எண்கள் இரண்டு: ... சிம் எண்: ... கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பறித்துக்கொண்டு ஓடியிருந்தால் 'தொலைந்தது' என்று எழுதாதீர்கள். அது திருட்டு, எஃப்ஐஆர் வேண்டும். வெறுமனே தொலைந்தது என்றால் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான காவல் நிலைய ரசீது, வாங்கிக்கொள்ளுங்கள். ஐஎம்இஐ எண் போன் பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். கையிலுள்ள போனில் *#06# அழுத்தி இப்போதே குறித்து வைக்கலாம்.

அடுத்து மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போனை முடக்கும் சிஇஐஆர் பகுதியில் புகார் நகல், அடையாள அட்டையுடன் பதிவு செய்தால் போன் நாட்டின் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. புதிய டூப்ளிகேட் சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, ஆகவே இந்தத் தளம் கேட்கும் ஓடிபியும் வராது. தளம் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப முயல வேண்டாம். பதிவு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். போன் திரும்பினால் தடையை நீக்க அதுதான் வேண்டும். "உங்கள் போன் கிடைத்தது, இதை அழுத்துங்கள்" என்று வரும் குறுஞ்செய்தி கடவுச்சொல்லைப் பிடுங்கத்தான்.

6. மற்றவை

ஓட்டுநர் உரிமம், ஆர்சி போன்றவற்றுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுக்கலாம். ஆதாருக்கு உதவி எண் 1947. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் நிலையங்களிலோ பறக்கும் ரயிலிலோ விட்டிருந்தால் ரயில்வே உதவி எண் 139.

7. உங்களுக்கு ஒரு பொருள் கிடைத்தால்

"இது உங்களுதா?" என்று காட்டிக் கேட்காதீர்கள், ஆமாம் என்பவர்கள் நிறைய. "என்ன தொலைத்தீர்கள், எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் ஓர் அடையாளத்தை மறைத்து வையுங்கள்: மோதிரத்தின் உள்பக்க எழுத்து, சாவிக்கொத்தில் எத்தனை சாவி. உரியவரைத் தேடாமல் வைத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. காவல் நிலையத்தில் கொடுக்கும்போது பெற்றதற்கு எழுத்தில் கேளுங்கள்.

கிடைத்தது அலையில் நனைந்த போன் என்றால் அணைத்துவிடுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தூசிதான் உள்ளே போகும். உப்பு அரிப்பதால் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சார்ஜர் செருகாமல் அப்படியே ஒப்படையுங்கள். சிம்மைக் கழற்றாதீர்கள், உரியவர் அந்த எண்ணைச் சொல்லித்தான் தன் போன் என்று நிரூபிப்பார்.