எஸ் கோடு நீரில் மூழ்கியிருந்தால் சுமை கூடிவிட்டதா? சுமைக்கோட்டைக் கணக்கிடும் முறை

சரக்குக் கப்பலின் நடுப்பகுதியில், இரு பக்கங்களிலும், கிடைக்கோடு ஊடறுக்கும் ஒரு வட்டமும் அதன் அருகே ஏணிப்படிகளைப் போன்ற சிறு கோடுகளும் காணப்படும். கப்பலில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று காட்டும் சுமைக்கோடுகள் இவை. அவற்றுள் எது நீருக்குள் இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று முடிவு செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன். கப்பற்பணியில் சேர்ந்த புதிதில் இந்தக் கணக்கில் நான் தவறியிருக்கிறேன். அந்த இடத்தை மட்டும் சற்று விரித்து எழுதுவேன்.

படி 1: குறிகளை அடையாளம் காணுதல்

வட்டத்தின் வெளிவிட்டம் 300 மி.மீ.; அதன் மையத்திலிருந்து கப்பலின் முன்பக்கம் நோக்கி 540 மி.மீ. தள்ளி ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். அதிலிருந்து முன்பக்கமாக நீள்பவை கடல்நீருக்கான கோடுகள்: டி வெப்பமண்டலத்துக்கும், எஸ் கோடைக்கும், டபிள்யூ குளிர்காலத்துக்கும் உரியவை. பின்பக்கமாக, அதாவது வட்டத்தை நோக்கி நீள்பவை எஃப், டி.எஃப். என்னும் நன்னீர்க் கோடுகள். எஸ் கோடும் வட்டத்தை ஊடறுக்கும் கோடும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஒவ்வொரு கோடும் 25 மி.மீ. தடிமன் உடையது, அதன் மேல் விளிம்பே எல்லை, நடுவோ கீழ் விளிம்போ அன்று.

இக்குறிகள் வெறும் வண்ணப்பூச்சு அல்ல, கப்பலின் தகட்டிலேயே நிலையாகப் பொறிக்கப்பட்டவை. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றி மாலுமிகளைக் கடலுக்கு அனுப்பும் வழக்கத்தை எதிர்த்துப் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடியதன் பயனாக 1876இல் இக்குறி சட்டமாயிற்று. ஆயினும் குறியை எந்த உயரத்தில் இடுவது என்பதை உரிமையாளரே முடிவு செய்யலாம் என்றிருந்த ஓட்டை 1890இல்தான் அடைபட்டது. இன்று உலகக் கப்பல்கள் பின்பற்றுவது 1966ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையை.

படி 2: நீர்மட்டத்தை வாசித்தல்

இரு பக்கங்களையும் வாசித்துச் சராசரி எடுக்க வேண்டும். கப்பல் சற்றே சாய்ந்திருந்தால் இடப்பக்கத்தில் எஸ் கோடு 110 மி.மீ. ஆழத்திலும் வலப்பக்கத்தில் 130 மி.மீ. ஆழத்திலும் இருக்கலாம், நமக்கு வேண்டிய எண் 120. அலையடிக்கும்போது கண்ணளவை நம்பாதீர்கள். அடியில் சிறு துளை மட்டும் உள்ள ஒளிபுகும் குழாயை நீரில் செங்குத்தாகப் பிடித்தால் உள்ளே நீர் அடங்கி நிற்கும். எத்தனை பேர் மறுத்தாலும் அதுவே என் விருப்பக் கருவி.

படி 3: நீரின் அடர்த்தியை அளத்தல்

நான் தவறியது இங்கேதான். கப்பல் ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்றது. ஆறு என்றாலே நன்னீர் என்று எண்ணி, அடர்த்தி குறைந்த நன்னீரில் கப்பல் கூடுதலாக அமிழலாம் என்னும் சலுகை முழுவதையும் கணக்கில் சேர்த்துவிட்டேன். மேலதிகாரி ஒரு வாளி நீரை இழுத்து, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை அதில் மிதக்கவிட்டார். அது கன மீட்டருக்கு 1010 கிலோ என்று காட்டியது. நன்னீர் 1000, கடல்நீர் 1025. அங்கிருந்தது இரண்டும் கலந்த நீர்.

வாளியை அதே நீரில் இருமுறை அலசிவிட்டுப் பிறகு மாதிரி எடுங்கள். கப்பலின் கழிவுநீரும் இயந்திரக் குளிர்விப்பு நீரும் வெளியேறும் துளைகளுக்கு அருகே எடுக்காதீர்கள். உப்பு நீர் கனமானது என்பதால் அடியில் தங்கும். ஆகவே மேலிருந்து மட்டுமன்றிப் பல ஆழங்களிலிருந்தும் மாதிரி வேண்டும். ஹைட்ரோமீட்டரில் ஒட்டிய காற்றுக் குமிழிகளை விரலால் தட்டி அகற்றியபின், கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். கண்ணாடியாலானதையே நான் பரிந்துரைக்கிறேன். ஓதம் மாறினால் அடர்த்தியும் மாறும்; காலையில் எடுத்த எண்ணை மாலையில் பயன்படுத்தலாகாது.

படி 4: சலுகையைக் கணக்கிடுதல்

கோடைச் சுமையில் கப்பலின் இடப்பெயர்ச்சி, அதாவது சுமையோடு சேர்ந்த மொத்த எடை, 20,000 டன், டி.பி.சி. 25 என்று கொள்வோம். டி.பி.சி. என்பது கப்பலை ஒரு செ.மீ. அமிழ்த்தத் தேவையான எடை. இடப்பெயர்ச்சியை டி.பி.சி.யின் நான்கு மடங்கால் வகுத்தால் நன்னீர்ச் சலுகை மி.மீ. கணக்கில் கிடைக்கும்: 20,000 ÷ 100 = 200 மி.மீ. கலப்பு நீருக்கு அதில் ஒரு பங்கே உண்டு: 200 × (1025 − 1010) ÷ 25 = 120 மி.மீ. எனவே எஸ் கோடு 120 மி.மீ. மூழ்கியிருந்தாலும் குற்றமில்லை; கடலுக்குள் சென்றதும் கப்பல் உயர்ந்து, நீர்மட்டம் எஸ் கோட்டுக்கு வந்துவிடும். நான் 200 என்று கொண்டிருந்தேன். எஞ்சிய 8 செ.மீ., சுமார் 200 டன் மிகைச் சுமை. அந்த எண்ணைத் தாளில் கண்ட நாளிலிருந்து, அளக்காமல் அடர்த்தியை எழுதும் வழக்கத்தை நான் அறவே விட்டேன்.

படி 5: போகும் வழியைப் பார்த்தல்

புறப்படும் இடம் வெப்பமண்டல வலயத்தில் இருப்பதால் டி கோடு வரை ஏற்றலாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். டி, எஸ் கோடுகளுக்கு இடையிலான தொலைவு கோடைக்கால அமிழ்வு ஆழத்தில் 48இல் ஒரு பங்கு, 8.64 மீட்டர் ஆழத்துக்கு அது 180 மி.மீ., எடையில் 450 டன். ஆறு நாளில் கோடை வலயத்தை அடையும் கப்பல் நாளொன்றுக்கு 25 டன் எரிபொருள் செலவழித்தால் வழியில் குறைவது 150 டன் மட்டுமே. ஆகவே கடல்நீர்க் கணக்கில் எஸ் கோட்டுக்கு மேல் 60 மி.மீ. வரைதான் ஏற்ற முடியும்.

பின்சேர்க்கை: தம் கப்பலில் டபிள்யூ.என்.ஏ. கோடு இல்லையே, அழிந்துவிட்டதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். குளிர்கால வட அட்லாண்டிக்குக்கான அக்கோடு, டபிள்யூ கோட்டுக்கு 50 மி.மீ. கீழே, 100 மீட்டரும் அதற்குக் குறைந்த நீளமும் உள்ள கப்பல்களில் மட்டுமே இடப்படும். அதைவிட நீளமான கப்பல்களுக்கு அங்கும் டபிள்யூ கோடே எல்லை. வட்டத்தின் பின்பக்கம் இன்னொரு தொகுதிக் கோடுகள் எல் என்ற முன்னெழுத்தோடு இருந்தால், அவை மேல்தளத்தில் மரம் ஏற்றிச் செல்லும்போது மட்டும் பொருந்துபவை. மற்றச் சரக்குக்கு அவற்றைப் பார்க்கக் கூடாது.